மூன்றாம் நாள் தட்டு

காசிமேட்டு மொட்டைமாடி மகரந்தத்தை
ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்தாள் சில்வியாக்கா.
"மனுசக் கையே படல தம்பி,
எல்லாம் தேனீ கால்தான்."

பத்து கிராம் கரைத்தேன்.
நுண்ணோக்கியில் முருங்கை, புங்கம்,
தண்டவாளத்தோரச் சீமைக்கருவேலம்.
ஈரம் பதினொரு சதவீதம்:
ஐப்பசிக் கடற்காற்று
காசு கேட்காமல் கலந்தது.

மூன்றாம் நாள் இன்குபேட்டரைத் திறந்தால்
ஒரு தட்டில் இளஞ்சிவப்புப் புள்ளிகள்,
இன்னொன்றில் பச்சையாய், சாம்பலாய்
பூஞ்சை.
பெயரிலேயே பூ வைத்துக்கொண்டு
அதுவும் தூள் தூவுகிறது.

"தேனீ எதுனா தப்பு பண்ணிச்சா?"
போனில் கேட்கிறாள்.
பின்னால் ஐஸ் உடைக்கும் சத்தம்.

இல்லக்கா, அது சரியாத்தான் கொண்டாந்துச்சு.
காயவச்ச தார்ப்பாய்...
கருவாட்டுக்குப் போடுற அதேதானா?

கொஞ்ச நேரம்
ஐஸ் மட்டும் உடைந்தது.