செடிக்கு ஒரு மணி

பின்னேரம் நாலு மணிக்கு
தட்டுகளின் மேல் கறுப்புத் துணி இழுப்பேன்.
மொட்டைக்கறுப்பனின் பிள்ளைகள்
பகல் குறுகினால்தான் பூக்கும்.
பரந்தன் வெயிலில், வைகாசியில்,
நான் செய்கிற மார்கழி அது.

வெளியே வயலில்
கனகேந்திரம் ஐயாவின் வரிசைகள்.
அதே தாய், அதே தகப்பன், அதே கலப்பு.
காலபோகத்துக்குக் காலபோகம்
குனிந்து பார்த்துக் கழிப்பார்:
சாய்ந்தது வேண்டாம், பதர் கூடினது வேண்டாம்,
அறக்கொட்டி குடித்தது வேண்டவே வேண்டாம்.
நூறில் ஏழெட்டுக்குத்தான் சிவப்பு நூல்.
ஆறு வருஷம் என்கிறார்.
இரணைமடுவில் தண்ணி நின்று
சிறுபோகமும் கிடைத்தால் நாலு.
போன மாசம் முப்பதாம் வரிசையை
மயில் தெரிவு செய்துவிட்டது.

என் தட்டில் வருஷத்துக்கு நாலு தலைமுறை.
நெருக்கி நட்டு, பசளை குறைத்து,
முழ உயரத்தில் கதிர் வாங்கி,
ஐந்தோ ஆறோ மணியில்
ஒன்றை மட்டும் எடுத்து அடுத்த தட்டில்.
நல்லது கெட்டது பார்ப்பதில்லை.
உவரையும் பூச்சியையும்
அவை கடைசியில்தான் சந்திக்கும்.

எது கெதி, எது திறம்,
மேலிடத்துக்கு அட்டவணை வேண்டுமாம்.

அதற்கு முன் பூநகரிக் கூட்டம்.
குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்று,
ஒன்றே ஒன்று எடுப்போம் என்றேன்.

மின்விசிறி மட்டும் சுற்றியது.
வேலும்மயிலும் தன் செருப்பைப் பார்த்தார்.
என் வாயிலிருந்து போன சொல்லை
அப்போதுதான் நானும் கேட்டேன்.

பின்வரிசையில் மரியநாயகி,
எழும்பாமலே:
"எடுத்தது முளைக்காட்டி?"

புத்தகத்தில் விடை இருக்கிறது.
அந்த வழி அதோடு முடிந்தது.
இருநூறில் பத்துப் பன்னிரண்டு போகும்,
கணக்கில் பெரிய குறை இல்லை.
சொல்லவில்லை.
தேத்தண்ணி வந்தது நல்லதாய்ப் போயிற்று.

அடுத்த நாளிலிருந்து
செடிக்கு இரண்டாக எடுக்கிறேன்.
ஒன்று தட்டுக்கு.
மற்றது பழுப்பு உறைக்குள், குளிர்பெட்டிக்குள்,
முன்னது பச்சை காட்டும்வரை.
இதுவும் புத்தகத்தில் உள்ளதுதான், அடிக்குறிப்பாக.
நேரம் மிச்சம் என்று
நான்தான் விட்டிருந்தேன்.

அட்டவணையில்
கெதி என்ற இடத்தில் தட்டு என்று எழுதினேன்.
திறம் என்ற இடம் வெறுமை.
வாற காலபோகம்
அவர் வரிசையும் என் வரிசையும்
மரியநாயகியின் உவர்த்தரையில்
ஒரே வரம்புக்குள் நிற்கும்.
இடம் தாறன் என்று அவதான் சொன்னா,
காரணம் சொல்லவில்லை.
மூன்றாவதாக ஒரு கட்டம் நானே கீறினேன்:
முளையாதவை.

இன்று காலை
ஒன்பதாம் தட்டு, பதினேழாம் குழி.
எட்டு நாளாயிற்று, ஈர மண் மட்டும்.
கையைத் துடைத்துக்கொண்டு
உறைகளுக்குள் பதினேழைத் தேடுகிறேன்.