மைனஸ் இருபது

இரவு ஒன்றேகாலுக்குப் போன் அடித்தது.
ஜெலுத்தோங் பசாரில் மீன்பெட்டி மறுபடி செத்துவிட்டது என்றே நினைத்தேன்.
வருஷத்துக்கு நாலு முறை சாகும் அது.
"இல்லை, குளுகோர் பல்கலைக்கழகம்.
சீக்கிரம் வாருங்கள், மண் உருகுகிறது"
என்றது ஒரு பெண்குரல், மலாயில்.

மண் உருகுமா?
சட்டையை உள்வெளியாக மாட்டிக்கொண்டு
வேனைக் கிளப்பினேன்.

இருபத்தொரு வருஷமாகக் குளிர்தான் எனக்குச் சோறு.
செண்டோல் கடை ஐஸ், பத்து மாவுங் இறால்,
ஒருமுறை பிணவறை.
மண்ணுக்குக் குளிர்பெட்டி வைத்தவர்களை
அன்றுதான் பார்த்தேன்.

கரும்புத் துண்டுகள்போல அடுக்கி,
ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ச்சீட்டு.
சைபீரியாவில் துளைபோட்டு எடுத்ததாம்.
"நிரந்தர உறைமண்" என்றாள் தியோ சியூ லான்.
நிரந்தரம்!
வாரண்டி அட்டையில்கூட
அந்தச் சொல்லை நான் அச்சடித்ததில்லை.

எரிந்துபோனது கெப்பாசிட்டர்.
இருபது ரிங்கிட் சாமான்.
ஹனாபி அதைத் தேடி என் கடைக்கு ஓடிய நேரத்தில்
அவள் பேசிக்கொண்டே இருந்தாள்,
அழாமல் இருப்பதற்காகப் பேசுகிறவர்களைப் போல.

அங்கே மரங்கள் குடித்தவன் மாதிரி சாய்கின்றனவாம்,
வேருக்குக் கீழே தரை இளகியதால்.
கலைமான் மேய்ந்த பாசிவெளியில்
புதர் ஏறி வருகிறதாம்.
நேற்றிருந்த ஏரி
ஒரே இரவில் அடியில் ஓட்டை விழுந்து வடிந்துபோகுமாம்;
ஏரியே இல்லாத இடத்தில் ஏரி வருமாம்,
அதன் அடியிலிருந்து குமிழ் குமிழாய் வாயு,
தீக்குச்சி காட்டினால் பற்றுமாம்.
"முப்பதாயிரம் வருஷத்துப் புல் இது, மக்கவில்லை.
குளிர்தான் பூட்டு.
இப்போது நுண்ணுயிர்கள் எழுந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டன."

நம் பக்கத்துச் சதுப்புக்கு?
கேட்டேன், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.
"அதற்குத் தண்ணீர் பூட்டு.
வாய்க்கால் வெட்டித் திறந்துவிட்டோம்"
என்று திரையையே பார்த்தாள்.
மைனஸ் மூன்று.
மைனஸ் இரண்டு.

கதவு ரப்பரைச் சரிபார்க்கக் கைவிட்டபோது
ஓர் உருளையின் நுனி
என் விரலில் இற்று விழுந்தது.
கறுப்பு. வழுவழுப்பு.
மாட்டுக்கொட்டிலும் ஈரக்கோணியும் கலந்த வாடை,
அதற்கும் அடியில் பெயரில்லாத ஏதோ ஒன்று.
யாரும் முகர்வதற்கு முன்பே
மூடிவைக்கப்பட்ட கோடை.

மூன்று மணிக்குக் கம்ப்ரசர் செருமி எழுந்தது.
இருவரும் கைதட்டினோம், சின்னப் பிள்ளைகள் மாதிரி.
நான் பெட்டிக்குப் பின்னால் போய்
வழக்கம்போல் உள்ளங்கையை நீட்டினேன்.
சூடு. நல்ல சூடு.
வேலை செய்கிறது என்பதற்கு அதுதானே அத்தாட்சி.

இங்கேதான் எனக்கு என்னவோ ஆயிற்று.
புதுப் பையனுக்கெல்லாம் முதல்நாளே சொல்வேன்:
குளிர் என்று ஒன்றை நாம் செய்வதில்லை, தம்பி,
சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறோம், அவ்வளவுதான்.
இருபத்தொரு வருஷம் சொல்லியிருக்கிறேன்.
வெளியே என்றால் எங்கே என்று
ஒரு பயலும் கேட்டதில்லை.
நானும்.

பில்லில் 'பொருள்' என்ற இடத்தில்
மண் என்று எழுதினேன்.
'நிலைமை' என்ற இடத்தைக் காலியாக விட்டேன்.

கடற்கரை நெடுஞ்சாலையில் வண்டி இல்லை.
அலை ஏற்றம்; கல்லணையின் மேல்வரிசை நனைந்திருந்தது.
வீட்டில் எல்லோரும் போர்வைக்குள்,
ஏர்கான் பதினெட்டில்.
பின்கட்டில் வெளிப்பெட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.
விளக்கைப் போடாமல்
அதன் முன்னால் விரலை நீட்டி நின்றேன்.

நகத்தில் ஒட்டியிருந்த அந்தக் கறுப்பு,
முப்பதாயிரம் வருஷத்து ஈரம்,
கொசு ஒன்று கடித்து எழும்புவதற்குள்
காய்ந்து உதிர்ந்தது.