மூன்று மாதம் சும்மா

பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும்
விளக்குப் பெட்டியில் அடுத்தடுத்துச் செருகி
அவிநாசி டாக்டர் ஷர்மிளா
பேனா மூடியால் தொட்டுக் காட்டினார்.
மேல்வரிசை முன்பற்கள் நான்கு.
அப்போது, சீவிய பென்சில்கள்.
இப்போது மழுங்கி,
எழுதியெழுதித் தேய்ந்த மாதிரி.
நான் எதையும் எழுதவில்லை.
இருபத்தாறு மாதம்
மாதம் ஒருதரம் வாயைத் திறந்தேன், அவ்வளவுதான்.

திருப்பூரில், முந்தின கிளினிக்கில்,
"இன்னுங் கொஞ்சம் இறுக்கிப்போட்டா
தை மாசத்துக்குள்ள முடிஞ்சுருமுங்"
என்றபோது
தலையாட்டியதும் நான்தான்.
ஏற்றுமதி ஆர்டரும் தைக்குத்தான்.
எனக்கு எல்லாமே தேதிக்கு முடியணும்.

"வேரு திரும்ப வளருமுங்களா?"
"வளராதுங்க."
இதைச் சொல்லும்போது அவர்
எக்ஸ்ரேயைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்.

பிறகு பஞ்சில் எதையோ பீய்ச்சி
உறைபனியாய் வெளுத்ததை
ஒவ்வொரு பல்லிலும் வைத்தார்.
முதல் பல், சுருக்.
இரண்டாவதில் நாற்காலிக் கையைப் பிடித்தேன்.
மூன்றாவது தாமதித்தது.
கரண்ட் போனபின்
ஜெனரேட்டர் சத்தத்துக்குக் காத்திருப்பதுபோல
இருவரும் காத்திருந்தோம்.
வந்தது.
கண்ணில் நீர்முட்ட வந்தது.
"நல்லதுங்க, நரம்பு உசுரோட இருக்குது.
வேர் சிகிச்சையெல்லாம் வேண்டாம்."
வலித்ததற்காக இதுவரை
யாரும் என்னைப் பாராட்டியதில்லை.

வைத்தியம் என்னவென்றால்
ஒன்றும் செய்யாமலிருப்பது.
கம்பியைக் கழற்றினார்.
இழுப்பது நின்றால்
கரைவதும் பெரும்பாலும் நின்றுவிடுமாம்.
மூன்று மாதம் சும்மா.
கொய்யாவைக் கடிக்காமல் கத்தியால் கீறித் தின்னணும்.
கரும்புப் பேச்சே கூடாது.

கம்பெனிக்குத் திரும்பினால்
நூல் அறுந்த நிட்டிங் மிஷினை நிறுத்திவிட்டு
செல்லமுத்து நிற்கிறான்.
"டென்ஷன் ஜாஸ்திங்க மேடம்."
எதைச் சொல்கிறான் என்று கேட்கவில்லை.

மார்கழியில் மறுபடி எக்ஸ்ரே.
மழுங்கல் மழுங்கலாகவே இருந்தது,
மேற்கொண்டு தேயவில்லை.
பற்களுக்குப் பின்னால்
மயிர்போல் ஒரு கம்பியை ஒட்டினார்.
இது இழுக்காது.
கூட இருக்கும்.

கோரைப்பல் ஓரம் ஓர் இடைவெளி
மூடாமலே நின்றுவிட்டது.
நாக்கு அங்கேதான் குடியிருக்கிறது.
'ஸ்' சொன்னால் சன்னமாகச் சீட்டியடிக்கிறது.
பையரிடம் போனில் "சாம்பிள்ஸ்" என்கிறேன்,
கடைசியில் ஒரு விசில்.
அந்தப்பக்கம் அவன் ஒன்றும் கேட்பதில்லை.

கழற்றிய கம்பி
மஞ்சள் உறையில், மேசை டிராயரில் கிடக்கிறது.
அதற்கு இன்னும்
நாலு தவணை பாக்கி.