நம்பர் போடாத காடு

எங்கள் ஊரில் காடு என்றால் வேலைக்காடு.
“எந்த நம்பர்?” என்றார் கிராணி அமிர்தலிங்கம்,
நான்கு நாள் லீவுப் பாரத்தை நான் நீட்டியபோது.
நம்பர் போடாத காடு என்றேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
சிலிம் ரிவருக்குக் கிழக்கே
எந்நேரமும் மேகம் போர்த்திக் கிடக்கும் அந்த நீல முதுகைப்
பார்த்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டார்.

புறப்படுமுன்
லாரி நிறுக்கும் மேடையில் பையோடு ஏறி நின்றேன்.
எண்பது கிலோ.
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.

ஐந்து பேர். இது மூன்றாவது துண்டு.
மலைத்தொடர் முழுவதையும்
வருஷத்துக்கு ஒரு துண்டாகக் கடித்துத் தீர்க்க வேண்டும் என்று
ஃபவுசியாவுக்கு ஒரு வெறி.
எனக்கு அப்படி ஒன்றுமில்லை.
கூப்பிட்டாள், வந்தேன்.

செம்பனை முடியும் இடத்தில் யானைக்குப் போட்ட மின்வேலி.
அதைத் தாண்டி இருபது அடியில் தடுமாறினேன்.
ஒன்பது வருஷமாக ஒரே இடைவெளியில் மரம் பார்த்த கண்
அடுத்த மரத்தை அதன் இடத்தில் தேடியது.
அங்கே ஒரு பள்ளம் இருந்தது.
அதற்கடுத்த இடத்தில்
என்றோ விழுந்த மரமும்
அதன் மார்பில் முளைத்த ஏழெட்டுப் பிள்ளைகளும்.
இதற்கெல்லாம் யார் பேர் போடுவது,
எத்தனை ஆள் அனுப்புவது?

இரண்டாம் நாள் வழி தவறியது.
மழை. பெர்த்தாம் முள். தர்வின்ராஜுக்கு முழங்கால் வீக்கம்.
ஒரு மெராந்தியின் இடுப்பில் சிவப்பு ரிப்பன் தெரிந்ததும்
எல்லோரும் சந்தோஷத்தில் கத்தினார்கள்.
எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது.
தோட்டத்தில் சிவப்பு அடித்த மரத்துக்கு
அடுத்த மாதம் விஷ ஊசி.
இங்கே சிவப்பு என்றால், இப்படி வா.
பட்டையைத் தொட்டுவிட்டுத்தான் கடந்தேன்.

மேலே பாசிக்காடு.
ஆள் உயரத்து மரங்கள் நனைந்த கம்பளி உடுத்தி நின்றன.
சோறு வேகவில்லை.
மீயை ஊறவைத்து, சார்டின் டின்னைக் கத்தியால் குத்தித் தின்றோம்.
நள்ளிரவு போலப் பனி விலகியது.
கீழே மில் விளக்கு, ரயில் நிலையம், நெடுஞ்சாலை,
நடுவில் சீப்பால் வாரிவிட்டது போல
நிரை நிரையாக இருட்டு.
அழகாகத்தான் இருந்தது.
அதை ஃபவுசியாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

திங்கட்கிழமை விடியலில் நேராக மில்லுக்கே வந்து
மேடையில் ஏறினேன்.
அரிசி தீர்ந்தது, காஸ் தீர்ந்தது,
கால் பெருவிரல் நகம் ஒன்று அங்கேயே தங்கிவிட்டது.
அப்போதும் எண்பது.
“ஈரம்” என்றார் கிராணி.

முதல் லாரி ஹோன் அடித்தது.
டிக்கெட் எழுதக் குனிந்தபோது
காலுறையிலிருந்து உருண்டு விழுந்தது
கறுப்புத் திராட்சையாக உப்பிய ஓர் அட்டை.
மிதிக்க மனம் வரவில்லை.
கிழிந்த டிக்கெட்டில் ஏந்திப்போய் வாசலில் விட்டேன்.
தலையைத் தூக்கி, நாலாபுறமும் முகர்ந்து,
கிழக்கே போயிற்று என்று எழுத ஆசைதான்.
கால்வாய்க்குள் விழுந்தது.