குந்திகினேன்

ராயபுரத்தில், மூடிக் கிடக்கும் அச்சகத்துக்கு மேலே
மூன்றாவது மாடி.
ஒரு மேசை போதாதென்று
இன்னொன்றை இழுத்துப் போட்டோம்.
இரண்டும் ஒரே உயரமில்லை.
டீ கிளாஸ் எல்லாம் அந்த இணைப்பில்தான் சாயும்.

முதல் மூன்று கூட்டங்களில்
டாக்டர் மெஹருன்னிசா தன் கோப்புகளோடு பேசினார்.
உயிரணு ஆராயும் ஹரிணாக்ஷி
தன் லேப்டாப்போடு.
புள்ளியியல் தேவசகாயம் எதனோடும் பேசவில்லை;
"எண்ணிக்கை வரட்டும்" என்றார்.
மாநகராட்சிப் பொறியாளர் தணிகாசலத்தை
யார் கூப்பிட்டார்கள் என்பது
குறிப்பேட்டில் இன்றுவரை இல்லை.

அந்தக் குறிப்பேடு என்னுடையது.
கூட்டக் குறிப்பும் படிவப் பதிவும்
தினக்கூலிக்கு நான்தான்.

விழுதல் என்ற ஒரே சொல்லைச் சுற்றி
உட்கார்ந்திருந்தார்கள்.
டாக்டருக்கு அது
எழுந்து நின்றதும் இறங்கும் ரத்த அழுத்தம்.
ஹரிணாக்ஷிக்கு, தொடைத் தசையில்
வேலையை நிறுத்தியும் வீட்டைக் காலி செய்யாத செல்கள்.
தணிகாசலத்துக்கு ஒன்பது அங்குலம்:
ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டு
வாசற்படி பள்ளத்துக்குப் போன கணக்கு.
தேவசகாயத்துக்கு
ஒன்று அல்லது பூஜ்யம்.

படிவத்தில் பதினான்காம் கேள்வி:
கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா?
காசிமேட்டிலிருந்து தண்டையார்பேட்டை வரை
அறுபதைத் தாண்டிய முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
இல்லை. இல்லை. இல்லை.
பூஜ்யம் தட்டித் தட்டி என் சுண்டுவிரல் மரத்தது.
"இவ்வளவு திடமான முதியோரை
நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை"
என்றார் தேவசகாயம், சிரிக்காமல்.

ஆனால் வீடு வீடாக ஏறி இறங்கிய ஜெபக்கனி
படிவ ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்தாள்.
அதற்குக் கட்டம் கிடையாது.
எறிய மனம் வராமல்
என் நோட்டின் பின்பக்கத்தில் சேர்த்து வந்தேன்.

எண் 117, ஏகவல்லி, மீன் கூடை:
"நான் எங்கபா வுய்ந்தேன்?
கொடத்தோட அப்டியே குந்திகினேன்."

எண் 140:
"ரிக்‌ஷா மிதிச்ச காலு இது, வுய்மா?
செவுத்த புட்சிகினு குந்திகினேன்."

எண் 203:
"குந்திகினேன். தூக்கிவுட ஆள் வர்ற வரிக்கும்
வானத்த பாத்துனு இர்ந்தேன்."

ஐந்தாம் கூட்டத்தில் கரண்ட் போனது.
லேப்டாப் அணைந்த வெறும் நேரத்தில்
போன் வெளிச்சத்தில் இவற்றைப் படித்தேன்.
குறிப்பெழுதுகிறவள் பேசினால்
அதை யார் குறிப்பது?

தேவசகாயத்தின் நாற்காலி முதன்முறையாக நகர்ந்தது.
"கிழமை போட்டிருக்காளா?"
போட்டிருந்தாள்.
திங்கள், புதன், வெள்ளி. திரும்பவும் திங்கள்.
ஜன்னல் பக்கம் பார்த்தபடி தணிகாசலம் சொன்னார்:
"லாரித் தண்ணி நாள். விடியக்காலை நாலரை.
அந்தத் தெருவுல விளக்கு அஞ்சு மாசமா எரியல."
டாக்டர் ராத்திரி மாத்திரையைக் கேட்பார் என்று
பேனாவைத் தயாராக வைத்திருந்தேன்.
அவர் கேட்டார்: "குடம் எத்தனை லிட்டர்?"
ஹரிணாக்ஷி கேட்டார்:
"வரிசையில எவ்ளோ நேரம்? வெறும் வயித்துலயா?"
தேவசகாயம் கேட்டார்:
"203-ஐத் தூக்கிவிட்டது யார்?"

ஒருவர் கேள்வி மற்றவர் வாயில்.
கரண்ட் வந்தது எப்போதென்று
குறிப்பில் இல்லை.

அதன்பின் சண்டைதான்.
எத்தனை நிமிடம் குந்தினால் அது விழுதல்?
முக்கால் மணி நேரம்.
ஜெபக்கனிக்குப் போன் போட்டோம்.
பஸ் இரைச்சலுக்கு நடுவே சொன்னாள்:
"தானா எய்ந்திரிக்க முடியலன்னா, சார்."
லாரி நேரத்தை மாற்றத்
தணிகாசலத்துக்கு அதிகாரமில்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டையும் மறுபடி ஏற
எந்தத் துறையின் பணம் என்று தெரியவில்லை.
குட்டை மேசையின் காலுக்கடியில்
பழைய படிவங்களை மடித்து வைத்தோம்.
இன்னும் ஆடுகிறது.

இப்போது இரவு.
துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள்
தெருவை அடைத்து உறுமுகின்றன.
புதுப் படிவம் தட்டுகிறேன்.
பதினான்கு: விழுந்தீர்களா? குந்தினீர்களா?
பக்கத்தில் ஒரு கட்டம் விடச் சொன்னார்கள்.
எவ்வளவு அகலம் என்பதற்கு
நாலு பேரும் நாலு அளவு.

நாளை வெள்ளி.
நாலரைக்கு எல்லோரும் வருவதாகப் பேச்சு.
தேவசகாயம் டார்ச் எடுத்து வருகிறாராம்.