இரண்டு மணி நாற்பது

கேமராவில் நான் தெரிகிறேன்.
பாடாங் செராய், இருபத்து நான்கு மணி நேர டோபிக் கடை,
ஆறாம் எண் உலர்த்தி.
நான்தான். அந்தக் கெடா பந்தாட்டச் சட்டை
வீட்டுக்காரருடையது,
கைலி முடிச்சு என்னுடையது.

யாரோ விட்டுப்போன துணிகளை மடிக்கிறேன்,
காலுறைக்குக் காலுறை ஜோடி தேடி.
விழித்திருக்கும்போது
இத்தனை பொறுமை எனக்குக் கிடையாது.

படங்களில் என்றால்
வெள்ளைப் புடவை, அவிழ்ந்த கூந்தல், கொலுசு,
புகை போட ஓர் ஆள்.
மூடிய கண்ணோடு இரு கையும் நீட்டி வருவாள்,
மாடி விளிம்பில் அவன் வந்து பிடிப்பான்.
திவாஷினி பள்ளியில் அப்படித்தான்
என்னை நடித்துக் காட்டினாளாம்.
வகுப்பே சிரித்ததாம்.

என் கண்கள் திறந்திருக்கின்றன.
கைகள் நீளவில்லை,
வேலை செய்கின்றன.

செம்பனைக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் என்று
நாத்தனார் கறுப்புக் கயிறு கட்டினாள்.
கூலிம் ஆஸ்பத்திரி டாக்டர் ஷிப்ட் அட்டவணை கேட்டார்.
ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு,
பன்னிரண்டு மணி நேரம், கையுறைத் தொழிற்சாலை.
"கனவில்லம்மா. கனவுக்கும் அடியில் இருக்கிற தூக்கம்.
மூளையில் பாதிதான் எழுந்து போகிறது."
மீதிப் பாதி எங்கே படுத்திருக்கிறது என்று
கேட்கவில்லை.
வெளியே இன்னும் நாற்பது பேர்.

வீட்டுக்காரர் கதவில் மணி கட்டினார்.
மணியின் நாக்கைத் துணியால் சுற்றிவிட்டுப் போயிருக்கிறேன்,
தூக்கத்தில்.
அந்தச் சுற்றைப் பிரிக்காமல்
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைப் பையன் பதிவை ஓட்டுகிறான்.
நான் வெளியேறியதும் பின்னால் ஓர் உருவம்.
எதிர் வங்கியின் காவலர், நேபாளத்துத் தாமாங்.
தொடவில்லை. எழுப்பவில்லை.
பத்தடி தள்ளி,
டார்ச்சை என் காலடிக்கு முன் அடித்தபடி,
நாய்களை மட்டும் அதட்டி,
பழைய லயத்து முனை வரை.
பதினோரு இரவு. எண்ணி வைத்திருந்தார்.

நன்றி சொல்ல மாலையில் போனேன், செருப்போடு.
அடையாளம் தெரியவில்லை அவருக்கு.
விழித்த முகம் வேறு போலும்.
டோபிக் கடையைக் காட்டி, காற்றில் ஒரு சட்டை மடித்தேன்.

சிரித்தார். இரவுதோறும்
நான் அவரிடம் கேட்டதாம், அதையே திருப்பித் தந்தார்,
என் மொழியில், உதடு கூட்டி:
"சாப்டியா?"

என்ன அர்த்தம் என்று மலாயில் கேட்டார்.
சொல்ல வாயெடுப்பதற்குள்
தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது.

இந்த வாரம் இரவு ஷிப்ட்.
நடக்க மாட்டேன்.