எத்தனை நாளைக்கு

பன்னிரண்டு வருடமாக வியாழன்தோறும்
மாலைப் பூசைக்குப் பிறகு
முழந்தாளில் நின்று நான்தான் தொடங்குவேன்:
அறுவடையோ மிகுதி, ஆட்களோ குறைவு,
ஆண்டவரே, அனுப்பும்.
பின்னால் பதினாறு குரல், மழைக்காலத்தில் ஒன்பது,
அனுப்பும் என்று சொல்லும்.
அதற்கடியில், உதடு அசையாமல்,
நான் மட்டும் ஒட்டிக்கொள்வது ஒன்றுண்டு:
எங்கள் வீட்டிலிருந்து வேண்டாம்.
இருப்பது ஒருத்தன்.

மோல்மீனில் மழை பெய்வதில்லை, குடியிருக்கிறது.
படகுத்துறைக்குப் பக்கத்தில் என் பலாட்டாக் கடை.
சால்வீன் பொங்கினால் அடுப்பை
மேசைமேல் ஏற்றிவைத்துச் சுடுவோம்.
மாவைச் சுழற்றி வீசுவான் அருளப்பன்
(பள்ளிக்கூடத்துப் பெயர் ஆங் மின்);
வலை போல விரிந்து கல்லில் விழும்,
ஓரம்கூட மடங்காது.
அந்தக் கையை நம்பித்தான்
தவணைக்கு இரண்டாவது கல் வாங்கினேன்.

பத்தாம் வகுப்பில் மூன்று முறை தவறினான்.
தெருவே உச்சுக்கொட்டியது.
நான் யாருக்கும் தெரியாமல் மெழுகுவத்தி ஏற்றினேன்.
தேறாதவனைக் குருமடத்தில் எடுக்கமாட்டார்கள்.

ஏற்றிய இடம்தான் தப்பு.
இடப்பக்கப் பீடத்தில் நிற்கிறாரே, ஒல்லியாக,
வெள்ளை முடி காதை மறைக்க,
எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்து
மூக்குநுனி பெயர்ந்துபோன வியான்னி சுரூபம்,
பங்குச் சாமியார்களுக்கெல்லாம் பாதுகாவலர்,
அவரும் தேறாதவராம்.
லத்தீன் ஏறவே இல்லையாம்.
திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

ஆகஸ்டு நாலாம் தேதி, அவர் திருநாளில்,
கரென்காரர் எங்கள் சாமியார் சா டூ
உடைந்த தமிழில் இதைச் சொன்னபோது
கோவிலுக்குள் கணுக்கால் தண்ணீர்.
"வாரம் முழுக்க அவிச்ச உருளைக்கிழங்கு.
பூஞ்சை பிடிச்சாலும் அதைத்தான் தின்பார்."
முன்வரிசையில் யாரோ என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.
என் கடைக் கிழங்கு மசாலா
அவ்வளவு மட்டமில்லை.

சிரிப்பு அடங்குவதற்குள்
யார் வருகிறீர்கள் என்று கேட்டார்.
வருடாவருடம் கேட்பதுதான்.
வருடாவருடம் கூரைத் தகரம்தான் பதில் சொல்லும்.
இந்த வருடம்
முழங்கைவரை மைதா காய்ந்திருந்த ஒரு கை.

இரவு கல்லைத் தேய்த்துக்கொண்டே கேட்டேன்:
இந்த ஊரில் இப்போது இரண்டு பேர் ஆள் கேட்கிறார்கள்.
பட்டாளத்துச் சீட்டில் உன் பெயர் விழுமென்று
அங்கே ஓடுகிறாயா?
சாம்பலை அள்ளினான். கொட்டிவிட்டு வந்தான்.
"பயமும் உண்டு அப்பா.
அந்தப் புனிதரும் பட்டாளத்துக்குப் போகாமல்
ஒளிந்திருந்தவர்தானாம்.
ஆனால் மூன்று மணிக்கு மாவு பிசைய எழும்போது
பயம் தூங்கிக்கொண்டிருக்கும்.
இது எனக்கு முன்னாலேயே எழுந்து
உட்கார்ந்திருக்கிறது."

அடுத்த வீட்டு டோ மியாவுக்கு இரண்டு பையன்கள்.
இரண்டு பேரும் தலை மழித்துக் காவி கட்டி
மடத்துக்குப் போனவர்கள்.
மூத்தவன் ஏழு நாள், சின்னவன் ஒரு மழைக்காலம்.
திரும்பி வந்து இப்போது
படகு மோட்டார் ரிப்பேர் பார்க்கிறார்கள்.
சேதி கேட்டு வாழைச்சீப்போடு ஓடி வந்தாள்.
"எவ்வளவு புண்ணியம்! எத்தனை நாளைக்கு?"

பர்மாவில் பிறந்து பர்மியம் பேசியே
வயிறு வளர்த்தவன் நான்.
விலை பேச, கடன் சொல்ல, சண்டை போட
சொல் தட்டுப்பட்டதே இல்லை.
அன்றைக்குத் தேடினேன்.
எப்போதைக்கும், என்றேன்.
அவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டுச்
சூசையம்மாளின் கையைப் பிடித்தாள்.
விடவில்லை, டீ ஆறும்வரை.

நேற்று வியாழன்.
அறுவடையோ மிகுதி என்று தொடங்கினேன்.
ஒன்பது பேர் அனுப்பும் என்றார்கள்.
அதற்கடியில் வைக்க ஒன்றுமில்லாமல்
நாக்கு அங்கேயே போய்ப் போய் வந்தது,
பல் விழுந்த இடத்தைத் தடவுவது போல.

இரண்டாவது கல்லுக்கு
இன்னும் நாலு தவணை பாக்கி.